சொலினாய்டை அணைக்கும் நொடியைக் கவனியுங்கள்

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தானே கன்ட்ரோலர் செய்திருந்த ஒரு விவசாயி போன மாதம் போர்டோடு வந்தார். "வால்வு நல்லாத்தான் திறக்குதுங்க. மூடும்போதுதான் புரோகிராம் முதல்லேர்ந்து ஓடுது" என்றார். மூடும்போது என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது.

ரிலே மாட்யூல் (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) வழியாக 12 வோல்ட் சொலினாய்டு வால்வை (காயிலில் கரன்ட் பாய்ந்தால் காந்தமாகித் திறக்கும் வால்வு) ஓட்டியிருந்தார். டையோடு (கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) எங்கே என்று கேட்டேன். மாட்யூலிலேயே இருக்கிறதே என்றார். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். அது ரிலேயின் சொந்தக் காயிலுக்கானது, வால்வின் காயிலை அது காப்பாற்றாது. ரிலேயின் நீல டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே தொட்டுப் பிரியும் கான்டாக்ட் இரண்டும் கருகி, ஊசியால் குத்தியது போலக் குழி விழுந்திருந்தன.

காயிலில் ஓடும் கரன்ட்டைச் சட்டென்று நிறுத்த முடியாது. வழியை அடைத்தால், தொடர்ந்து ஓடப் பார்த்து மின்னழுத்தத்தை நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். ரிலேயில் அது தீப்பொறியாகப் பாயும், அந்த மின் இரைச்சலில் மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராமை ஓட்டும் சிப்) ரீசெட் ஆகும். நாளடைவில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் வால்வு மூடவே மூடாது.

இதற்கு மருந்து ஒரே ஒரு 1என்4007 டையோடு. அணைத்ததும் காயிலின் கரன்ட் அதன் வழியாகச் சுற்றி அடங்கிவிடும். வால்வின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஆன் செய்ததும் ஷார்ட்தான். ஒயர் நீளமாக இருந்தால் போர்டில் வைக்காமல் வால்வுப் பக்கத்திலேயே சால்டர் செய்யுங்கள்.

அவரிடம் இன்னொரு போர்டும் இருந்தது. ரிலே வேண்டாம் என்று யாரோ சொல்லி, பிசி547 டிரான்சிஸ்டர் போட்டிருந்தார். அது தாங்குவது 100 மில்லிஆம்பியர். வால்வின் காயிலை மல்ட்டிமீட்டரில் பார்த்தோம், 30 ஓம். 12 வோல்ட்டுக்கு 400 மில்லிஆம்பியர்! டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடியிருக்கிறது. எதை வாங்குவதற்கு முன்னாலும் இந்த ஓம் கணக்கைப் போட்டுவிடுங்கள். அர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியரைத் தாண்டாமல் இருப்பதே நல்லது, அதில் நேராக வால்வை மாட்டவே கூடாது.

நான் போட்டுக் கொடுத்தது ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (கேட் என்ற காலில் வோல்ட் கொடுத்தால் கரன்ட்டுக்கு வழி திறக்கும் டிரான்சிஸ்டர்). கடையில் ஐஆர்எஃப்540 எடுத்துக் கொடுப்பார்கள். அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும், யூனோ கொடுக்கும் 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடேறும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வையுங்கள். இல்லாவிட்டால் போர்டு துவங்கும் அந்தக் கணத்தில் வால்வு தானாகவே துடிக்கும். அப்புறம், 12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டும் அர்டுயினோவின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மாஸ்ஃபெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. தோட்டங்களில் 24 வோல்ட் ஏசி வால்வுகளும் உண்டு. அதன் குறுக்கே இந்த டையோடைப் போட்டால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் ஷார்ட் ஆகும். லேபிளில் ஏசியா டிசியா என்று பார்த்த பிறகு சால்டரிங் அயனைச் சூடாக்குங்கள்.