‘சரிபார்க்கும் விளக்கு’ எதைச் சரிபார்க்கிறது?

வாகனக் கையேடுகளிலும் போன் செயலிகளிலும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன சொல் ஒன்று உண்டு: ‘இயந்திரத்தைச் சரிபார்க்கும் விளக்கு’. டேஷ்போர்டில் எஞ்சின் படத்தோடு மஞ்சளாக எரியுமே, அதற்குத்தான் இந்தப் பேர். போன மாதம் என் மச்சான் வாயிலிருந்தே அது வந்தபோது, இனிமேலும் பேசாமல் இருக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது.

மச்சானிடம் சின்ன டீசல் லொறி ஒன்று இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிக் கொழும்புக்குப் போவார்; திரும்பும்போது கம்பளையில் மா மூட்டை ஏற்றுவார். கராஜ் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று எயார் ஃபில்டரைத் தானே மாற்றினார். அன்றைக்கே விளக்கு எரிந்தது. பெட்டரி வயரைக் கழற்றி மாட்டினார், அணைந்தது. ரம்பொடை ஏற்றத்தில் மறுபடி எரிந்தது. லொறி இழுக்கவும் இல்லை. “அது எஞ்சினச் சரிபார்க்குற விளக்குதானே, பாத்து முடிஞ்சா அணைஞ்சிரும்” என்று மூன்று நாள் அப்படியே ஓட்டியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரிந்த யாரும் அதை அப்படித்தான் வாசிப்பார்கள். பாடும் பறவை என்றால் பாடுவது பறவை. சரிபார்க்கும் விளக்கு என்றால் சரிபார்ப்பது விளக்கு. ஆங்கிலத்தில் ‘செக் எஞ்சின்’ என்பது ஓட்டுநருக்கு இடும் ஏவல்: போய் எஞ்சினைப் பார். ஏவலைப் பெயரெச்சமாக்கியதில், ஓட்டுநர் செய்ய வேண்டிய வேலை விளக்கின் தலையில் போய் விழுந்துவிட்டது.

‘செக்’ பாரசீக ‘ஷா’விலிருந்து வந்தது. சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து என்று கூவும் சொல். சோதித்தல் என்ற பொருள் பிறகு ஏறியது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் பேர் பதியும் செக்ரோலில் இருப்பதும் அதே செக்தான். அது போகட்டும்.

இன்னொரு கூட்டம் ‘எஞ்சின் சோதனை விளக்கு’ என்கிறது. இது இன்னும் மோசம். சோதனை விளக்கு என்று ஒன்று கராஜில் உண்மையாகவே இருக்கிறது. ஒரு பல்ப், ஒரு வயர், நுனியில் ஊசி. வயரை வண்டியின் இரும்பு உடம்பில் கவ்வவிட்டு, ஊசியால் குத்திப் பார்த்தால் கரண்ட் வருகிறதா என்று தெரியும். அந்தப் பேர் அதற்குத்தான் சொந்தம். மொழிபெயர்த்தவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கராஜ் வாசலில் நின்றிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. போதாக்குறைக்கு, ‘அம்மா தாயே, ஏன் இந்தச் சோதனை’ என்று பாட்டிமார் கோயிலில் கேட்கும் சோதனையும் அதற்குள் இருக்கிறது.

‘எச்சரிக்கை விளக்கு’ பிழையில்லை, ஆனால் போதாது. ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பும் எச்சரிக்கைதான். அது எரிந்தால் நின்ற இடத்தில் எஞ்சினை நிறுத்த வேண்டும். மின்னாமல் எரியும் மஞ்சளுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால் ஓட்டுபவர் எதை நம்புவார்?

நான் சொல்வது ‘எஞ்சின் பழுதுகாட்டி’. அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் புதிய கார்களுக்கும் சின்ன லொறிகளுக்கும் கட்டாயமான, வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் ‘ஓபிடி இரண்டு’ விதிமுறையில், இந்த விளக்கின் முறையான பேரே மல்ஃபங்ஷன் இண்டிகேட்டர் லாம்ப்தான். பழுதைக் காட்டும் விளக்கு. நம்மவர்கள் அந்தப் பேரை விட்டுவிட்டு டேஷ்போர்டில் எழுதியிருந்ததை மொழிபெயர்த்துவிட்டார்கள். ‘பழுதெண்ணும் மந்திரி’ என்று குறளிலேயே உள்ள பழுது, இன்றைக்கும் ‘பழுதுபார்த்தல்’ என்று கராஜ் பலகையில் இருக்கிறது. காட்டியும் புதிதல்ல, வழிகாட்டி உண்டு, தேர்தல் சின்னமாகிவிட்ட திசைகாட்டியும் உண்டு. எஞ்சினைப் ‘பொறி’ ஆக்கச் சொல்பவர்களுக்கு ஒன்று: எங்கள் தோட்ட லயத்தில் பொறி என்றால் எலிக்கு வைப்பது. எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும்.

‘காட்டி’ பிடிக்காதவர்கள் ‘பழுது விளக்கு’ என்றாலும் எனக்குச் சம்மதம். விளங்கு என்பதன் பிறவினைதான் விளக்கு, விளங்க வைப்பது. ‘விளங்குதா?’ என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்கிற நாட்டில் அதற்கு உரை வேண்டியதில்லை.

கடைசியில் மச்சான் கராஜ் மெக்கானிக் பாஸிடம் போனார். ஸ்கேனரில் வந்தது பி0299: டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் போதவில்லை. அந்த எண் பழுதின் அடையாளத்தைச் சொல்லும், கெட்ட பாகத்தைச் சொல்லாது. அதை மட்டும் நம்பி டர்போவையே மாற்றியவர்கள் உண்டு. பாஸ் டர்போவைத் தொடவில்லை. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் கறுத்தது, ஒயில் பிசுக்கு. ஃபில்டர் பெட்டியைக் கழற்றும்போது அசைந்த கிளிப் பாதி நழுவிக் கிடந்தது. “என்னண்ணே, கிளிப்ப இறுக்கலியா?” சமதரையில் அந்தக் கசிவு தெரியாது. பாரத்தோடு ஏறும்போதுதான் டர்போ முழுமூச்சாய் ஊதும், அப்போதுதான் குறையும் தெரியும். பெட்டரியைக் கழற்றியதில் அழிந்தது பதிவு மட்டுமே, பழுது அப்படியே இருந்தது.

கையேடு அச்சிடுகிறவர்களுக்கு இரண்டு வரி எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்: ‘எஞ்சின் பழுதுகாட்டி. விடாமல் எரிந்தால் விரைவில் கராஜில் காட்டவும். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்தவும்.’