ஆள் இல்லாத ரூமில பைப்பத் திறந்துவிடச் சொல்றது என்னத்துக்கு? இங்கிலாந்தில வேலை செய்யிற நம்மட புள்ளைகளுக்கு லெஜியோனெல்லா சட்டம்

திருக்கோவில்ல இருந்து போய் இங்கிலாந்தில ஒரு கெயார் ஹோம்ல, அதாவது முதியவங்களப் பராமரிக்கிற இடத்தில, வேலை செய்யிற என்ட மருமகன் போன கிழமை கோல் எடுத்தான். "மாமா, ஆள் இல்லாத ரூமுக்குள்ள கிழமைக்கு ஒருக்காப் போய் எல்லாப் பைப்பையும் திறந்து தண்ணிய ஓடவிடச் சொல்றாங்க, பிறகு கடதாசியில நேரம் எழுதி சைன் வைக்கச் சொல்றாங்க, என்னத்துக்கு இது?" எண்டு கேட்டான். கிணத்தில அள்ளிக் குளிச்சு வளந்த புள்ள, தண்ணி சும்மா ஓடுறதப் பாத்தா மனசு கேக்காதுதானே. நான் பாசிக்குடாவில ஹொட்டல் மெயின்டனன்ஸ் வேலை பாக்கிறவன், அவனுக்குச் சொன்னத மட்டக்களப்பு, அம்பாறையில இருந்து அங்க போயிருக்கிற மத்தப் புள்ளைகளுக்கும் சேத்து எழுதுறன், ஏனெண்டா இதில உங்கட உரிமை ஒண்டும் இருக்கு, அது கனபேருக்குத் தெரியாது.

லெஜியோனெல்லா எண்டது தண்ணியில வாழுற பக்டீரியா. 1976ல அமெரிக்காவில பிலடெல்பியா ஹொட்டல் ஒண்டில பழைய ராணுவ வீரர்கள் கூட்டம் வச்சிட்டுப் போன பிறகு கனபேருக்கு கடுமையான நியூமோனியா வந்து 29 பேர் செத்தாங்க, அடுத்த வருசம்தான் கிருமியக் கண்டுபிடிச்சாங்க, அமெரிக்கன் லீஜன் எண்ட அந்த ராணுவ வீரர் அமைப்புட பேர்தான் கிருமிக்கும் வந்தது. தண்ணியக் குடிக்கிறதால பொதுவா இது வாறதில்ல, ஷவர்ல இருந்து தூவானம் மாதிரிப் பறக்கிற தண்ணி மூச்சோட நெஞ்சுக்குள்ள போறதாலதான் வாறது. வயசு போனவங்க, சிகரட் பத்துறவங்க, சீனி வருத்தக்காரர், நெஞ்சு வருத்தக்காரர் இவங்களுக்குத்தான் ஆபத்துக் கூட, கெயார் ஹோம்ல இருக்கிறவங்க முக்காவாசி இவங்கதான். இன்னொண்டு, வீட்டுச் சுவத்தில மாட்டுற சாதாரண ஏசியால இது வருமெண்டு பயப்பிடத் தேவையில்ல, தண்ணியத் தெளிச்சுக் குளிராக்கிற பெரிய கூலிங் டவர்தான் பிரச்சினை.

20 பாகை செல்சியசுக்குக் கீழ இந்தக் கிருமி பெருகாது, 60 பாகைக்கு மேல செத்துப்போகும், இடையில உள்ள வெதுவெதுப்பு, முக்கியமா 20க்கும் 45க்கும் நடுவில, அதோட தண்ணி அசையாமக் கிடந்து பைப்புக்குள்ள பாசியும் கறளும் பிடிச்சிருந்தா நல்லாப் பெருகும். ஆள் இல்லாத ரூம் பைப் எண்டா அந்த இடம்தான்.

இப்ப சட்டத்துக்கு வருவம். பிரிட்டன்ல 1974ம் ஆண்டுத் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ லெஜியோனெல்லாவுக்கெண்டே எல்8 எண்டு ஒரு நடைமுறைக் கோவை இருக்கு. வேலை குடுக்கிறவரும் கட்டிடத்தப் பொறுப்பில வச்சிருக்கிறவரும் எங்க ஆபத்திருக்கெண்டு பாத்து மதிப்பிட வேணும், விசயம் தெரிஞ்ச ஒருத்தரப் பொறுப்பாளரா நியமிக்க வேணும், என்ன செய்யிறது எண்டத எழுத்தில வைக்க வேணும், செஞ்சதப் பதிய வேணும். அந்த வேலையச் செய்யிற ஆக்களுக்கு, ஒரு பைப்பத் திறந்து மூடுற ஆளா இருந்தாலும் சரி, அந்த வேலைக்கு ஏத்த பயிற்சி குடுத்து அதையும் பதிஞ்சு வைக்க வேணும்.

இதான் முக்கியம் புள்ளைகள், வடிவா வாசியுங்க. பிரிட்டன்ட 1999ம் ஆண்டுத் தொழில் சுகாதாரப் பாதுகாப்பு முகாமைத்துவ விதிகள்ள 13ம் விதி இந்தப் பயிற்சி வேலை நேரத்துக்குள்ளதான் நடக்க வேணும் எண்டு சொல்லுது, 1974ம் ஆண்டுச் சட்டத்தில 9ம் பிரிவு சட்டப்படி குடுக்க வேண்டியதுக்கு வேலையாளிட்டக் காசு எடுக்கக்கூடாது எண்டு சொல்லுது. அப்ப சம்பளமில்லாம லீவு நாள்ள வந்து படி எண்டோ, கோர்ஸ் காச சம்பளத்தில வெட்டுவம் எண்டோ சொன்னா அது பிழை. இந்த சேர்டிபிகேட் இருந்தாத்தான் சட்டப்படி வேலை செய்யலாம் எண்டு யாரும் காசு கேட்டாலும் குடுக்காதீங்க, எல்8 இன்ன சேர்டிபிகேட் எண்டு எதையும் கட்டாயமாக்கல்ல, செய்யிற வேலைய விளங்கிச் செய்யத் தெரியுதா எண்டதுதான் கேள்வி.

பயிற்சி ஏன் இவ்வளவு பெரிய விசயம் எண்டா, 2002ல இங்கிலாந்துட வடக்கில பரோ எண்ட ஊர்ல மாநகரசபைட கலை மண்டபத்து ஏசி கூலிங் டவர்ல இருந்து இது பரவி 7 பேர் செத்தாங்க, 170க்கு மேல வருத்தமாகினாங்க. பிறகு விசாரிச்சுப் பாத்த நேரம் கண்டுபிடிச்ச குறைகள்ள பயிற்சி போதாததும், யார் பொறுப்பெண்டு தெளிவில்லாததும் இருந்தது.

வேலைட பக்கம் பாத்தா, பாவிக்காத பைப்பையும் ஷவரையும் கிழமைக்கு ஒருக்காத் திறந்து பழைய தண்ணி முழுக்கப் போகும்வரை ஓடவிட வேணும். ஷவரப் படாரெண்டு திறக்கக்கூடாது, ஷவர்த் தலைய ஒரு பிளாஸ்டிக் பேக்கால மூடிக் கட்டி, கீழ் மூலையில சின்னதா வெட்டிவிட்டுப் பிறகு மெதுவாத் திறந்தா தூவானம் உங்கட மூஞ்சியில அடிக்காது. மாதத்துக்கு ஒருக்கா ஹீட்டருக்குக் கிட்ட உள்ள பைப்பிலயும் ஆகத் தூரத்தில உள்ள பைப்பிலயும் தேர்மாமீட்டர் பிடிக்க வேணும், சுடுதண்ணி ஒரு நிமிசத்துக்குள்ள 50 பாகை வர வேணும், ஆசுபத்திரி மாதிரி இடமெண்டா 55, பச்சத்தண்ணி ரெண்டு நிமிசத்தில 20க்குக் கீழ இறங்க வேணும். முதியவங்கட கை கால் வெந்துபோகாம இருக்க, சுடுதண்ணியையும் பச்சத்தண்ணியையும் கலந்துவிடுற வால்வ் போட்டிருப்பாங்க, அதால பைப் வாயில வாற தண்ணி வெதுவெதுப்பாத்தான் இருக்கும், அதில அளந்து "சூடு காணாது" எண்டு எழுதிப்போடாதீங்க, வால்வுக்கு முன்னால வாற சுடுதண்ணிப் பைப்பில அளக்க வேணும். மருமகன் முதல் மாதம் விட்ட பிழை இதுதான், ஒருத்தரும் அவனுக்குக் காட்டிக் குடுக்கல்ல.

நம்மட ஊருக்கு இந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தாது. மட்டக்களப்பு வெய்யில்ல கூரைக்கு மேல இருக்கிற கறுத்தத் தாங்கியில பின்னேரம் தண்ணிய அள்ளிப் பாருங்க, கை சுடும். 20க்குக் கீழ எண்டது நமக்கு ஏலாது. அப்ப நம்மட கையில இருக்கிறது தண்ணிய ஓடவிடுறதும், குளோரினும், ஊத்தை எடுக்கிறதும், தாங்கிய நிழல் படுத்தி மூடுறதும்தான், டெங்குக்கு மூடச் சொல்ற அதே மூடிதான் இதுக்கும்.

பாசிக்குடாவில மாரிக்கு ரூமுகள மாதக்கணக்கில பூட்டி வைப்பம். பிறகு சீசனுக்குத் திறக்கிற நேரம் ஷவர் முதல்ல காத்து இருமும், பிறகு தேத்தண்ணி நிறத்தில வரும். தலையக் கழட்டி உள்ளுக்கு விரல் விட்டா கறுப்பா வழுவழுப்பா ஒட்டும். நான் முந்தி வேலை செஞ்ச ஒரு இடத்தில நிறம் தெளிஞ்சா போதுமெண்டு அண்டைக்கே ஆள் ஏத்தினாங்க, அது எனக்கு இப்பவும் மனசில உறுத்துது. இப்ப நான் தாங்கியக் கழுவி, 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணிக்கு 50 பங்கு) குளோரின் கலந்து, ஒவ்வொரு பைப்பிலயும் அந்த மணம் வாறவரைக்கும் இழுத்து ஒரு மணித்தியாலம் விட்டுப் பிறகு முழுக்கக் கழுவி விடுறன், ஷவர்த் தலைகளக் கல்லுப் போக ஊற வைக்கிறன், என்னோட நிக்கிற ரெண்டு பொடியனுகளுக்கும் செஞ்சு காட்டி அவங்கட கையாலயே கொப்பியில திகதி போட வைக்கிறன்.