டிப்ளோமா: உரோமத் துணைப்படை வீரரின் வெண்கலப் பட்டயம்

உரோமப் பேரரசின் எல்லை மாகாணங்கள் பற்றிய அகழாய்வு அறிக்கைகளில் 'படை டிப்ளோமா' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பாலிடெக்னிக் படித்து வாங்கும் டிப்ளமோவுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இது கையடக்கமான இரண்டு வெண்கலத் தகடுகளின் இணை. உரோமக் குடிமகனாக இல்லாமல் துணைப்படையில் சேர்ந்து 25 ஆண்டுகள் சேவகம் செய்தவருக்குப் பேரரசர் குடியுரிமை வழங்கிய ஆணையின், சாட்சிகள் முத்திரையிட்ட நகல். கடற்படையினருக்கு 26 ஆண்டுகள். இப்போது கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது கி.பி. 52ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது கடற்படை வீரர் ஒருவருடையது.

கிரேக்கத்தில் 'டிப்ளோமா' என்றால் இரண்டாக மடித்தது என்று பொருள். லத்தீனுக்கு வந்தபோது, அரசு அஞ்சல் வழியில் குதிரையும் வண்டியும் கேட்டுப் பெறுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா மாகாணத்தை ஆண்ட எழுத்தாளர் இளைய பிளினி தன் மனைவியின் பயணத்துக்கு அப்படி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, பேரரசர் டிராஜனுக்கு விளக்கம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. வீரரின் வெண்கலத் தகடுகளுக்கு இப்பெயரை வைத்தவர்கள் பிற்கால அறிஞர்களே. ஆகவே உரோமர் எழுத்தில் 'டிப்ளோமா' வந்தால், உடனே படை ஆவணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தகடுகளின் அமைப்பில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. முதல் தகட்டின் வெளிப்புறத்தில் ஆணை முழுவதும் பொறிக்கப்பட்டிருக்கும். அதே வாசகம் இரண்டு தகடுகளின் உட்புறங்களிலும் தொடர்ச்சியாக மறுபடி வரும். இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, நடுத் துளைகள் வழியே கம்பி கோத்து முறுக்கி, இரண்டாம் தகட்டின் முதுகில் ஏழு சாட்சிகள் முத்திரை வைப்பார்கள். முத்திரைகளுக்கு இரு பக்கமும் அவர்கள் பெயர்கள். வெளி வாசகத்தை யாரும் படிக்கலாம். அதைத் திருத்திவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், முத்திரையை உடைத்து உள் வாசகத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். மூல ஆணை உரோம் நகரில் பொது இடத்தில் மாட்டப்பட்டிருந்தது என்பதையும், அது எந்த இடம் என்பதையும் நகலே சொல்லும்.

முழுத் தகடுகள் கிடைப்பது அரிது, பெரும்பாலும் துண்டுகள்தான். முதல் தகட்டின் வெளிவரிகள் குறுக்குப் பக்கத்துக்கு இணையாகவும், உள்வரிகள் நீளப் பக்கத்துக்கு இணையாகவும் ஓடும். இரு முகங்களின் எழுத்தும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்து, இரண்டிலும் ஆணை வாசகமே இருந்தால் அது முதல் தகடு. ஒரு முகத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தால் இரண்டாம் தகடு. சட்ட வாசகம் அச்சடித்ததுபோல ஒரே வாய்பாடு என்பதால், சில எழுத்துகளை வைத்தே வரியை நிரப்பிவிடலாம். இதில் ஒரு பொறியும் உண்டு: இரண்டாம் நூற்றாண்டில் உள்பக்க எழுத்து ஏனோதானோ என்று வெட்டப்பட்டது, சுருக்கங்களும் மிகுதி. படைப்பிரிவின் பெயர் அங்கே மட்டும் எஞ்சியிருந்தால் நிதானமாகவே படிக்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, உலோகங்காணிக் கருவியோடு தோண்டுபவர்கள் எடுத்துச் சந்தையில் விற்றுவிடும் துண்டுகள். வாசகம் தப்பிக்கும், வீரர் எங்கே போய்க் குடியேறினார் என்ற தகவல் தொலைந்துவிடும்.

கண்டெடுத்த இடம் எவ்வளவு பேசும் என்பதற்குப் பிரிட்டானியா மாகாணத்தின் இரண்டு பட்டயங்கள் போதும். இரண்டும் ஒரே குதிரைப்படைப் பிரிவைச் சேர்ந்தவர்களுடையவை: தம்பியானா எனப்பட்ட முதலாம் பன்னோனியர் பிரிவு. 103ஆம் ஆண்டுப் பட்டயம் இங்கிலாந்தின் செஷயரில் மால்பஸ் அருகே கிடைத்தது. உரியவர் ஸ்பெயினிலிருந்து வந்த ரெபுரூஸ், செவெருஸின் மகன். 122 ஜூலை 17 தேதியிட்டது பன்னோனியரான, அதாவது டான்யூப் கரை மாகாணமான பன்னோனியாவைச் சேர்ந்த கெமெல்லுஸுக்கு உரியது. அவர் 'ஒன்றரைச் சம்பளம்' வாங்கிய கீழ்நிலை அலுவலர். அவர் பட்டயம் கிடைத்ததோ ஹங்கேரியில், டான்யூப் கரையிலிருந்த பிரிகேத்தியோவில்! பணி முடிந்ததும் மனிதர் சொந்த நாட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். பிரிட்டானியாவில் இருந்த 13 குதிரைப்படைப் பிரிவுகளையும் 37 காலாட்படைப் பிரிவுகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. வீரர்களை விடுவித்தவர் முந்தைய ஆளுநர் பொம்பேயுஸ் பால்கோ, அப்போதைய ஆளுநர் பிளத்தோரியுஸ் நேப்போஸ் என்றும் குறிக்கிறது. வட பிரிட்டனின் எல்லையில் நேப்போஸ் காலத்தில் எழுந்த ஹேட்ரியன் சுவரின் காலக்கணக்கு இந்த வரியைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

குடியுரிமையோடு மணவுரிமையும் சேர்ந்தே வந்தது. வீரரின் மனைவி குடிமகள் இல்லாவிட்டாலும், அதற்குப்பின் பிறக்கும் பிள்ளைகள் குடிமக்கள். 'ஒருவருக்கு ஒருத்தி மட்டும்' என்ற நிபந்தனையோடு. ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்கும் முதலில் குடியுரிமை கிடைத்தது. 140 வாக்கில் அந்தோனினுஸ் பியுஸ் ஆட்சியில் அது பொதுவாக நிறுத்தப்பட்டது. முகாமில் பிறந்த மகன் குடிமகனாக வேண்டுமானால், அவனும் படையில் சேர வேண்டியதாயிற்று. 212இல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்தபின் இந்த ஏற்பாட்டுக்கே வேலை இல்லை.

தமிழில் இதைச் சிலர் 'பணிவிடுப்புச் சான்றிதழ்' என்கிறார்கள். அது தவறு. பட்டயத்தில் கெமெல்லுஸை 'முன்னாள்' அலுவலர் என்று குறிக்கும் வழக்கு ரெபுரூஸ் விஷயத்தில் இல்லை; தொடக்ககாலத்தில் படையில் இருந்துகொண்டே இதைப் பெற்றவர்கள் உண்டு. 'செப்பேடு' என்பதும் பொருந்தாது: உலோகம் வேறு, செப்பேட்டில் அரசனின் முத்திரை, இதில் சாட்சிகளின் முத்திரை. கல்வி டிப்ளமோவுக்கும் உலோக ஆவணத்துக்கும் நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல் 'பட்டயம்'. அதுவே சரி. ஆனால் 'படைப் பட்டயம்' வேண்டாம். பழைய தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் பட்டயம் என்றால் வாள். பொதுவாக 'வெண்கலப் பட்டயம்' என்றும், துணைப்படையினருக்கு உரியதை மட்டும் 'குடியுரிமைப் பட்டயம்' என்றும் எழுதலாம். பேரரசரின் மெய்காவல் படையான பிரிட்டோரியன் படையினர் முன்பே குடிமக்கள். அவர்களுடையது மணவுரிமையை மட்டும் தந்ததால், அதற்கு இந்தப் பெயர் ஒட்டாது.