ஒரே ஒரு ஹிட்: பாட்டு யாருடையது என்று எந்தக் காகிதம் சொல்கிறது?

டேக் டீம் என்ற அமெரிக்க ராப் ஜோடியின் பெயர் தெரியாதவர்கள்கூட 'வூம்ப்! தேர் இட் இஸ்' பாட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். 1993-இல் வந்த பாட்டு. அமெரிக்காவின் ஹிட் பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் 40 லட்சம் பிரதிக்கான பிளாட்டினம் சான்று வாங்கியது. அந்த உயரத்துக்கு அவர்களின் வேறு எந்தப் பாட்டும் போகவில்லை.

சிசில் கிளென், ஸ்டீவ் கிப்சன் என்ற இருவர்தான் டேக் டீம். டென்வரிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன நண்பர்கள். கிளென் அங்கே ஒரு கிளப்பில் டிஜே. ஆட வந்த கூட்டம் எதற்குக் கத்துகிறது என்று தினமும் பார்த்தவர். பாட்டு மயாமி பேஸ் வகை. ரோலண்ட் 808 டிரம் மெஷினின் கிக் ஒலியை நீளமாக இழுத்து, நெஞ்சு அதிரும் அளவுக்கு பேஸ் என்ற கனத்த அடி ஒலியை முன்னால் வைப்பது அந்தப் பாணி. கூடவே கேனோ என்ற இத்தாலிய டிஸ்கோ குழுவின் 1980 பாட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு ஒலித்துண்டு, அதாவது சாம்பிள். அதே சமயத்தில் புளோரிடாவின் 95 சவுத் குழுவும் ஏறக்குறைய இதே தலைப்பில் ஒரு ஹிட் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே ஓடின. இப்படி ஒரு சின்னச் சொற்றொடருக்கு யாரும் காப்புரிமை (காப்பிரைட்) கோர முடியாது.

பாட்டை வெளியிட்டது பெல்மார்க் என்ற சிறிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம். ஸ்டாக்ஸ் என்ற இசை நிறுவனத்தை ஒரு காலத்தில் நடத்திய அல் பெல் ஆரம்பித்தது. 1997-இல் பெல்மார்க் திவாலானது. அதன் சொத்துகளை டிஎம் ரெக்கார்ட்ஸ் வாங்கிக்கொண்டது. சரி, பாட்டும் அவர்களுக்குத்தானே? அங்கேதான் சிக்கல்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. இரண்டாவதைத்தான் மாஸ்டர் என்கிறோம். டேக் டீமின் ஒப்பந்தத்தில் முதல் உரிமையின் பாதி, லேபிளோடு தொடர்புள்ள, லேபிள் நியமிக்கும் பப்ளிஷிங் நிறுவனத்துக்கு (மெட்டு, வரிகளின் உரிமையைக் கவனிக்கும் நிறுவனம்) போகும் என்று இருந்தது. எந்த நிறுவனம் என்று பெயர் போடவில்லை. அது தன் சொந்த நிறுவனமான ஆல்வர்ட் மியூசிக் என்றார் பெல். லேபிளோடு சேர்த்து அதையும் வாங்கிவிட்டோம் என்றது டிஎம். டெக்சாஸ் நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுத்த வழக்கில் பெல் பக்கம் தீர்ப்பானது, 20 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒரு பெயரை எழுதியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. பாட்டை எழுதிய இருவரின் பெயர் அந்த வழக்கின் தலைப்பில்கூட இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இசை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். ராப் பாடும் தம்பி தங்கைகள் போனில் பிடிஎஃப்பைக் காட்டி, "காசு எவ்வளவுன்னு பாத்துட்டேன் சார், மத்ததெல்லாம் வழக்கமா இருக்கறதுதானே?" என்று கேட்பார்கள். அந்த 'மத்ததில்'தான் பாட்டே இருக்கிறது. நிறைய ஹிட் கொடுப்பவருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேச வாய்ப்பு வரும். ஒரே ஹிட் கொடுப்பவருக்கு முதல் காகிதம்தான் கடைசிக் காகிதமும். 2020-இல்கூட ஒரு காப்பீட்டு நிறுவனம் இந்தப் பாட்டின் வரியை மாற்றி, டேக் டீமையே நடிக்க வைத்து விளம்பரம் எடுத்தது. 27 வருடம் கழித்தும் பாட்டு சம்பாதிக்கிறது!

அமெரிக்காவில் எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துத் திரும்பக் கேட்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்து கொடுத்த வேலைக்கு அது பொருந்தாது. நம் நாட்டில் அப்படி ஒரு 35 வருட வழி இல்லை. ஆனால் நம் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை (பாட்டைப் பயன்படுத்துவதற்கு வரும் பணத்தில் தங்கள் பங்கை) லேபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். 'ஒன் டைம் பேமென்ட், இனி எந்த உரிமையும் கிடையாது' என்று எழுதிய தாளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இந்த ராயல்டி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது. பாடியவர் கணக்கு வேறு, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அப்புறம் பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் தாள இசை. இணையத்தில் லீஸுக்கு எடுத்த 808 பீட் உங்களுடையது ஆகிவிடாது. பல லீஸ்களில் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று வரம்பு போட்டிருப்பார்கள். பாட்டு திடீரென்று ஓட ஆரம்பித்தால் அந்த வரம்பு சில நாளில் தாண்டிவிடும், அதற்குப் பிறகு பேசப்போனால் பீட் செய்தவர் சொல்வதுதான் விலை. ரிலீஸுக்கு முன்பே முழு உரிமை விலையைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டாயிற்று என்றால் அதில் காலமும் எல்லையும் இருக்கிறதா பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் நம் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பழைய ஒப்பந்தத்தை எடுத்து இந்த இரண்டு வரிகளை முதலில் தேடுங்கள்.