சூடு பண்ணிவிட்டோம் என்ற தைரியம்

போன வாரமும் ஒரு குடும்பம். மதியம் வடித்த சோறு இரவு வரை அடுப்பு மேடையிலேயே கிடந்திருக்கிறது. அதையே ஃப்ரைட் ரைஸ் ஆக்கிச் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி. "நல்லா சூடு பண்ணித்தானே டாக்டர் சாப்பிட்டோம்?" நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்தேவிட்டது.

இங்கே குற்றவாளி பாசில்லஸ் சீரியஸ், மண்ணில் இருக்கும் பாக்டீரியா. அரிசியோடு அது வீட்டுக்கு வருவது ஸ்போராக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவில். உலை கொதிப்பெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை.

சூடு தாங்காமல் பாக்டீரியா சட்டென்று ஸ்போராக மாறிக்கொள்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நர்சிங் மாணவர்கள்கூடத் தேர்வில் எழுதுகிறார்கள். தப்பு. கொதிநீரில் விழுந்த சாதாரண பாக்டீரியா அங்கேயே செத்துவிடும். ஒரு ஸ்போர் உருவாகப் பல மணி நேரம் வேண்டும். அதைத் தொடங்கி வைப்பது பசி, சூடு அல்ல. இதன் உறவுக்கார பாக்டீரியாவான பாசில்லஸ் சப்டிலிஸில் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்திருக்கிறார்கள். சத்து தீர்ந்ததும் கைனேஸ் என்ற புரதம் தன்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கை சமிக்ஞையாக ஏற்றிக்கொள்கிறது. அது ஸ்போ0எஃப், ஸ்போ0பி என்ற புரதங்கள் வழியாகக் கைமாறி ஸ்போ0ஏ புரதத்துக்கு வந்து சேரும். பாஸ்பேட் ஏறிய ஸ்போ0ஏ டிஎன்ஏவில் உட்கார்ந்து சில மரபணுக்களை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது. நடுவழியிலேயே பாஸ்பேட்டைப் பிடுங்கிப்போடும் புரதங்களும் உண்டு. பசி நிஜம்தானா என்று உறுதியாகும்வரை பாக்டீரியா இப்படி இழுத்தடிக்கும். பாஸ்பேட் ஏறிய ஸ்போ0ஏ போதிய அளவு சேர்ந்தால்தான் ஸ்போர் வேலை தொடங்கும். மீதியை, எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சிக்மா புரதங்கள் பார்த்துக்கொள்ளும்.

இத்தனையும் அரிசி உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்த கதை. நீங்கள் சோறு வடிக்கும்போது போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகள் சாகின்றன. ஸ்போர் மட்டும் மிஞ்சுகிறது. சோறு ஆற ஆற அது முளைத்துப் பெருகி, சில வகைகள் செரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கும். 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆய்வகத்தில் கிருமி நீக்கும் நீராவிக் கருவியான எங்கள் ஆட்டோகிளேவின் சூடே அவ்வளவுதான். உங்கள் கடாய் எம்மாத்திரம்?

வாந்தி பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். அரிதாகக் கல்லீரலே செயலிழந்து உயிர் போனதும் உண்டு.

சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குண்டான் நிறைய அப்படியே உள்ளே தள்ளினால் நடுச்சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். விருந்துக்குச் சமைப்பவர்களே, பிரியாணி அண்டாவை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். "அப்போ பழைய சோறு?" என்று உடனே கேட்பீர்கள். அது தண்ணீரில் ஊறிப் புளித்து, லாக்டிக் அமிலம் ஏறியது. சும்மா மூடி வைத்த சோறு பழைய சோறு ஆகாது.

இன்னொன்று, தயவுசெய்து. வாந்தி எடுத்தவரைக் கூட்டி வரும்போது மிச்சச் சோற்றைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வராதீர்கள். சுத்தமான டப்பாவில் ஒரு பிடி போட்டு, ஐஸ் வைத்துக் கொண்டு வாருங்கள். மலப் பரிசோதனையைவிட அதுதான் எங்களுக்கு அதிகம் சொல்லும்.