கடை வாசல் சாய்தளம்: கட்டு என்பதும் சட்டம், இடி என்பதும் சட்டம்

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். போன வருடம் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போனில் இரண்டு படம் காட்டினார். முதலாவதில் கடை வாசலில் புத்தம்புது கான்கிரீட் சாய்தளம், ஓரத்தில் பளபளவென்று எஸ்.எஸ். கைப்பிடி. இரண்டாவதில் அதே இடத்தில் உடைந்த கான்கிரீட்டும் வளைந்து கிடக்கும் குழாயும். காலை ஆறரை மணிக்கு ஜே.சி.பி. வந்து போயிருக்கிறது.

"சக்கர நாற்காலியில வர்றவங்களுக்காகத்தான் சார் போட்டேன். போடணும்னு சட்டமே இருக்காமே?"

இருக்கிறது. ஆனால் அவர் போட்ட சாய்தளம் அவருடைய இடத்தில் இல்லை. ஷட்டருக்கு வெளியே நான்கு அடி நீண்டு நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கியது. அங்கே நடைபாதையின் மொத்த அகலமே மூன்றரை அடி. கடைக்குள் போக வழி செய்த கான்கிரீட், அந்தப் பக்கம் நடந்துபோகிற எல்லோரையும் வண்டிகளுக்கு நடுவே இறக்கி விட்டிருந்தது. நல்ல மனசோடு செலவு செய்த மனிதருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்லவில்லை. நடுவில் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு "நல்லா இருக்கே" என்று சொல்லிப் போன வார்டு ஊழியரும் சொல்லவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் 'பொதுக் கட்டடம்'தான். வணிகம் நடக்கும் இடம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 'நம்ம கடை சின்னதுதானே' என்று நழுவ அதில் சதுர அடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஏற்கெனவே கட்டிய கட்டடங்களுக்குக் கொடுத்த ஐந்து வருட அவகாசம் 2022 ஜூனோடு முடிந்தது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 'இதெல்லாம் வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை' என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இடம் கொடுத்த விதியை 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சரி, அப்படியானால் இடித்தது தப்புதானே என்று கேட்பீர்கள். அதே மாதம் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற தீர்ப்பு அதுதான். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. சுற்றிய செய்தியில் ஒரு வரி விடுபட்டிருந்தது. சாலை, தெரு, நடைபாதை போன்ற பொது இடத்தில் அனுமதியில்லாமல் கட்டியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஜே.சி.பி. முன்னால் நின்ற இரண்டு பேரை எனக்கே தெரியும். போதாததற்கு, 2025 மே மாதம் நடைபாதையில் தடையில்லாமல் நடப்பது வாழ்வுரிமையின் பகுதி என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சாய்தளம் கட்டாயம் வேண்டும். அதன் கடைசி அங்குலம் உங்கள் மனை எல்லைக்குள் முடியவும் வேண்டும். பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள்.

எல்லை எது என்பது அடுத்த வம்பு. பத்திரத்தில் உள்ள அளவை மட்டும் நம்பாதீர்கள். திட்ட அனுமதி வாங்கும்போது சாலை விரிவாக்கத்துக்காக முன்பக்கம் சில அடி தானமாக எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தது அப்பா காலத்தில், இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது, நாமும் நம்முடையது என்றே நினைத்துக்கொண்டிருப்போம். அந்தப் பட்டையில் போட்டாலும் ரோட்டில் போட்டதாகத்தான் கணக்கு. நகர நில அளவை வரைபடத்தையும் பழைய திட்ட அனுமதி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வரவழையுங்கள். அவர் வருவதற்கு இழுத்தடிக்கும், உண்மைதான். ஆனால் இடித்த பிறகு அளந்து என்ன பயன்?

அப்புறம், வாசலில் இருக்கும் ரோடு யாருடையது? சிரிக்காதீர்கள், ஆறு மாத அலைச்சல் இந்தக் கேள்வியில்தான் ஒளிந்திருக்கிறது. சென்னையில் உட்புறத் தெரு என்றால் மண்டலப் பொறியாளர். பேருந்து ஓடும் ரோடு என்றால் மாநகராட்சியிலேயே பேருந்து தட சாலைகள் துறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. பெரிய சாலைகள் பலவும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. வடிகால் மூடி ஒருவர், மின்சாரப் பெட்டி இன்னொருவர், கழிவுநீர் மேன்ஹோல் குடிநீர் வாரியம். ஒவ்வொரு மேசையிலும் "எங்க லிமிட் இல்லைங்க" என்பார்கள். வாயால் கேட்டுக்கொண்டு அலையாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மூன்றே கேள்வி எழுதுங்கள்: இந்தச் சாலையைப் பராமரிப்பது எந்த அலுவலகம், பதிவேட்டின்படி சாலையின் அகலம் எவ்வளவு, என் கதவு எண்ணுக்கு முன்னால் நடைபாதையின் அகலம் எவ்வளவு. 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரும் லிமிட் கதை சொல்ல முடியாது.

வாய்மொழி அனுமதியை நம்பவே நம்பாதீர்கள். "ஏ.இ. (உதவிப் பொறியாளர்) கிட்ட பேசிட்டேன், போட்டுக்கலாம்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரர், இடிக்க வரும் நாளில் போனை எடுக்க மாட்டார். சொத்து வரி ரசீது, தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு எதுவும் நடைபாதையில் கட்ட உரிமை தராது. நடைபாதை ஓரத்துக் கர்ப் கல்லை நீங்களே உடைத்து இறக்கிக்கொள்வதும் கூடாது. வண்டி ஏற வழி வேண்டுமானாலும் சரி, நாற்காலி ஏற வழி வேண்டுமானாலும் சரி, அது சாலைக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை. எழுதிக் கேட்டு, பதில் எழுத்தில் வந்தபிறகே கை வையுங்கள்.

இனி அளவுக்கு வருவோம். தேசிய வழிகாட்டு நெறிகள் சொல்லும் சரிவு 1க்கு 12. கொத்தனாரிடம் இப்படிச் சொன்னால் புரியும்: ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம். வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம், சாய்தளம் 18 அடி. நம் ஊரில் மூன்று படிக்கு ஐந்து அடியில் முடித்துவிடுகிறார்கள். அது சாய்தளம் இல்லை, சறுக்கு மரம். மருந்துக்கடைக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 14 அங்குல உயரத்தை நான்கு அடியில் இறக்கியிருந்தார். அதில் ஒரு பெரியவரை ஏற்றும்போது பின்னால் இரண்டு பேர் முட்டுக்கொடுத்ததாக அவரே சொன்னார். இடிக்காமல் விட்டிருந்தாலும் யாராவது ஒருவர் மல்லாந்து விழுந்திருப்பார்.

அகலம் 1200 மில்லிமீட்டர், அதாவது நான்கு அடி. மேலே கதவுக்கு முன்னால் 1500 மில்லிமீட்டர், அஞ்சு அடி, சமதளம் வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரிவு நேராகக் கதவில் போய் முட்டினால், ஒரு கையால் கதவைத் தள்ளி மறுகையால் நாற்காலி பின்னால் ஓடாமல் பிடிக்க மனிதனால் முடியாது. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாமல் இரண்டு மூன்று அங்குலத் தடுப்பு. கடைசியில் ஷட்டர் உட்காரும் இரும்புப் பட்டி ஒன்று ஒன்றரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். பதினைந்து அடி ஏறி வந்தவர் அந்த ஒன்றரை அங்குலத்தில் மாட்டிக்கொள்வார். பட்டியைத் தரையோடு பதியுங்கள்.

இவ்வளவு நீளத்துக்கு எங்கே சார் இடம் என்பார்கள். முதலில் எங்கிருந்து அளக்கிறீர்கள் என்று பாருங்கள். ரோட்டிலிருந்து அளக்காதீர்கள், நடைபாதையிலிருந்து அளங்கள். சாலை நெறிகளின்படி கர்ப் கல் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த ஆறு அங்குலம் உங்கள் பொறுப்பில்லை. மருந்துக்கடையில் 14 அங்குலத்தில் ஆறு போக மிச்சம் எட்டு. எட்டு அடிச் சாய்தளம் போதும். முன்பக்கம் காலியிடம் இருந்தால் நேராக நீட்டாமல் கடை முகப்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஓட்டுங்கள். காலியிடமே இல்லாமல் ஷட்டர் எல்லைக்கோட்டில் நிற்கும் கடை என்றால் சாய்தளம் உள்ளேதான் இறங்க வேண்டும். அதாவது கடைத் தரையில் ஒரு நான்கு அடிப் பட்டையை உடைத்துத் தாழ்த்த வேண்டும். வாடகைக்கடை என்றால் உடைப்பதற்கு முன் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார். அதற்காக 'உரிமையாளர் பாடு' என்று கை கழுவவும் முடியாது. சேவை தருபவருக்கும் சட்டம் தனியாகக் கடமை வைத்திருக்கிறது.

உயரம் மூன்று நான்கு அங்குலம்தான் என்றால் மடக்கி எடுக்கும் அலுமினியச் சாய்தளம் வாங்கி, அழைப்பு மணி ஒன்றைத் தாழ்வாகப் பொருத்திவிடலாம். ஆள் வந்து போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நிரந்தரமாகக் கிடந்தால் அதையும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கு இத்தனை படி எப்படி வந்தது? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டார்கள். மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தது. கடைக்காரர் தரையை உயர்த்தினார். உயர்த்தியதால் படி வெளியே நீண்டது. நீண்ட படிக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. உங்கள் தெருவில் ரோடு போடும் அன்று வாசலில் நின்று கேளுங்கள், அன்றைக்கு ஒருநாள் கடையைத் தாமதமாகத் திறந்தாலும் பரவாயில்லை.

கான்கிரீட் வேலையில் இரண்டு மூன்று எச்சரிக்கை மட்டும். கிரானைட், வழவழ டைல்ஸ் வேண்டாம். மழை நாளில் அது எமன். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே குறுக்குவாட்டில் துடைப்பத்தால் கோடு இழுத்தால் போதும், பைசா செலவில்லை. நான்கு அங்குலக் கனம், குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். 'நாளைக்கே நடக்கலாம்' என்பார் மேஸ்திரி, விடாதீர்கள். வடிகால் மூடியின் மேல் கான்கிரீட்டைப் பூசி அடைக்காதீர்கள். முதல் மழைக்குத் தண்ணீர் தேங்கினால் தூர்வார வருகிறவர்கள் உடைக்கத்தான் செய்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: வரைபடத்தில் சாய்தளத்தை ஒரு கோடாகப் போட்டு அனுமதி வாங்கிவிட்டு, கட்டும்போது அந்த இடத்தை பைக் பார்க்கிங் ஆக்குவது வழக்கமாகிவிட்டது. அணுகல் விதிப்படி இல்லாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சான்று கேட்கும் கட்டடங்களுக்கு அது இல்லாமல் மின் இணைப்பும் நகராது. அந்த நேரத்தில் அவசரமாகப் பலகை வைத்துச் சாய்தளம் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலகையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அதிகாரியையும் பார்த்திருக்கிறேன்.

கடைக்குள் போக முடியாமல் திரும்புகிறவர்கள் செய்ய வேண்டியது வேறு. வாசலில் டேப்பை வைத்துப் படம் எடுங்கள்: படியின் உயரம் தெரிய ஒன்று, கடைப் பெயர்ப்பலகையோடு ஒன்று. நாள், நேரம் குறியுங்கள். கடைக்காரருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே செய்துவிடுவார்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் சென்னையில் உள்ள மாநில ஆணையருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். ஆணையர் ஒரு அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்பினால், அது மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். நடைபாதையில் ஏற வழி இல்லை, கம்பங்களை நெருக்கமாக நட்டு நாற்காலியை மறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கடைக்காரர் மேல் போட வேண்டிய புகார் இல்லை. சென்னையில் 1913க்கும், மற்ற ஊர்களில் 1100க்கும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 'புகார் முடித்து வைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். முடிந்திருக்காது. முடித்து வைத்த அந்தக் குறுஞ்செய்தியையே இணைத்து மறுபடி மனு போடுங்கள்.

மருந்துக்கடைக்காரர் ஷட்டருக்குள் நான்கு அடி அகலத்துக்குத் தரையை உடைத்து எட்டு அடிச் சாய்தளம் இறக்கிவிட்டார். ஒரு அலமாரியும் குளிர்பானப் பெட்டியும் இடம் மாறின. கடைக்குள் இப்போது சுகமாகப் போகலாம். நடைபாதையில் ஏறத்தான் வழியில்லை. கர்ப் கல்லை இறக்கித் தரச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு மண்டலத்திலிருந்து பேருந்து தட சாலைகளுக்குப் போய், அங்கிருந்து மறுபடி மண்டலத்துக்கே வந்திருக்கிறது. மூன்றாவது மனுவை வருகிற திங்கள்கிழமை கொடுக்கிறோம், தகவல் உரிமைப் பதிலை மேலே வைத்துக் குத்தி.