பஜ்ஜி சுட்ட எண்ணெயை யாருக்கு விற்கலாம்?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் பேக்கரி, சிப்ஸ் கடை, கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களிடம் சுட்ட எண்ணெயை டின் கணக்கில் வாங்கிப்போக ஆள் வருவதுண்டு. வாங்குகிறவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வண்டலை வடிகட்டினால் அதே எண்ணெய் இன்னொரு தள்ளுவண்டியின் வடைச்சட்டிக்குப் போய்விட முடியும். அதைத் தடுக்கத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, 2018 ஆகஸ்டில் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. பழைய எண்ணெயைச் சமையல் பக்கமே திரும்பவிடாமல், டீசலோடு கலக்கும் எரிபொருளான பயோடீசலாக மாற்றுவது இதன் வேலை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய அளவு 25 சதவீதம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து உண்டாகும் பொருள்களுக்கு மொத்த போலார் சேர்மங்கள் என்று பெயர். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. பெரிய ஓட்டல், தெருமுனை போண்டா கடை என்ற பேதம் இதில் இல்லை. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மசாலா தடவிய சிக்கன் பொரித்தால் எண்ணெய் சீக்கிரமே கறுக்கும். சிப்ஸ் போட்ட எண்ணெய் பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம். இதை அளக்கக் கையடக்க மீட்டர் உண்டு, எண்ணெயில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அளவைக் காட்டிவிடும். மீட்டர் இல்லையா, நுரை அடங்காமல் பொங்குவதும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவதும், பிசுபிசுப்பதும் அடையாளங்கள்.

அடுத்தது 50 லிட்டர். பொரிப்பதற்கு ஒரு நாளைக்கு அதற்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள், 2019 மார்ச் 1 முதல் கணக்கு வைக்க வேண்டும்: என்ன எண்ணெய், எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கழித்தது, என்றைக்கு யாரிடம் கொடுத்தது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. நம்மூர்ச் சின்னக் கடைகளில் பல 50 லிட்டரை எட்டுவதே இல்லை, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தால் எண்ணெய் நிறைய. கட்டாயம் இல்லாவிட்டாலும் அவர்களும் பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து கொடுக்கலாம்.

சேகரித்த எண்ணெயில் நீரையும் கசடையும் நீக்கி, மெத்தனால் என்ற ஆல்கஹாலும், வினையை வேகப்படுத்தும் காரப் பொருளும் சேர்த்தால் பயோடீசல் தனியாக, கிளிசரின் தனியாகப் பிரியும். டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பது 2030-க்கான இலக்கு என்கிறது 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. 2019-இல் அரசு எண்ணெய் நிறுவனங்கள் இப்படித் தயாரித்த பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தன. அது தயாரிப்பாளருக்கான விலை. கடைக்காரர் கைக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

அப்புறம், சுட்ட எண்ணெயை வடிகட்டி நேரே டிராக்டரில் ஊற்றிப் பார்க்கும் யோசனை வேண்டாம். கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரை அடைத்துவிடும்.

கொடுக்கும்போது ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீர் சேராமல் மூடியுள்ள கேனில் வையுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காதீர்கள். சேகரிப்பாளரின் பெயர் எஃப்எஸ்எஸ்ஏஐ பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் தேதியும் அளவும் போட்ட ரசீது வாங்குங்கள். ரசீது தராமல் ரெண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்பவரிடம் கேனைக் கொடுக்காதீர்கள்.